பேசும்போது மூடும் கண்: கொட்டாஞ்சேனையில் நூல் வைத்துக்கொண்ட நாள்

அக்காவுக்கு முகவாதம் வந்து ஆறு வருடமாகிறது. இழுத்த வாய் ஓரளவு நேராகிவிட்டது. ஆனால் நரம்புகள் மாறிப் பொருந்தியதால், வாயசைத்தால் இடது கண் மூடிக்கொள்கிறது. கொழும்பின் இராணுவச் சோதனைச் சாவடிகளில் பெயர் சொல்லும்போது அது கண்ணடிப்பது போலத் தெரியும். ஒருமுறை அதற்காகவே வெகுநேரம் வெயிலில் நிறுத்தி வைத்தார்கள். அதன்பின் அவள் வெளியே வாய் திறப்பதில்லை. அவளுக்கும் சேர்த்து நான்தான் பதில் சொல்வேன்.

அடுத்த மாதம் நான் படிக்க வெளிநாடு போகிறேன். அம்மா அப்பா யாழ்ப்பாணத்தில். போரால் பாதை மூடிக் கிடக்கிறது. வெள்ளவத்தை அறையில் அக்கா தனியாகத்தான் இருக்கவேண்டும். அதனால்தான் போன சனிக்கிழமை, கண்ணுக்குச் சிகிச்சை தேடி இந்தப் பயணம்.

காலை எட்டு மணிக்கு 100ஆம் இலக்க பஸ். புறக்கோட்டை ஏறக்குறைய ஒன்பது கிலோமீற்றர்தான். வழியில் இரண்டு இடங்களில் இறக்கிச் சோதித்ததில் ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. அங்கிருந்து கொட்டாஞ்சேனைக்கு ஓட்டோ, நூற்றைம்பது ரூபாய். கன்னத்தைப் பொத்தியிருந்த அக்காவைக் கண்ணாடியில் பார்த்த சாரதி, "பல்லுக் கொதியோ தங்கச்சி?" என்றார். அக்கா தலையாட்டினாள். பல்வலி என்றால் யாரும் மேற்கொண்டு விசாரிப்பதில்லை.

அங்கே சிகிச்சை செய்யும் டொக்டரம்மா அக்குபங்சர் படித்தவர். குழல் போன்ற ஊசிக்குள் மெல்லிய நூல்துண்டு இருக்கும். ஊசியை உருவும்போது நூல் கன்னத்துத் தோலுக்கடியில் தங்கிவிடும், நாளடைவில் கரைந்துபோகும் என்று விளக்கினார். பொய் நம்பிக்கை தரவில்லை.

"பழைய முகம் திரும்பி வராது பிள்ளை. கதைக்கேக்க கண் கொஞ்சம் குறைவா மூடினாலே பெரிய காரியம்."

"பழைய முகம் அடையாள அட்டையில கிடக்கு டொக்டர். அதைப் பார்த்தால் எனக்கே பயம்" என்றாள் அக்கா. அன்று நாங்கள் சிரித்தது அப்போது மட்டும்தான்.

திரும்பும்போது கன்னம் வீங்கி நீலம் பாய்ந்திருந்தது. நான் இதை யோசிக்கவேயில்லை. காயத்தோடு ஒரு தமிழ்ப் பெண்ணைக் கண்டால் சாவடியில் நிற்பவர்கள் சண்டையில் பட்டது என்றுதான் நினைப்பார்கள். ஒரு பெண் சிப்பாய் எங்களை பஸ்ஸிலிருந்து இறக்கினாள். நான் பதில் சொல்ல வாயெடுத்ததும் அக்கா என் கையை இறுக்கினாள்.

"நீ கதையாதை."

பெயர், விலாசம், நூல் வைத்த கதை, எல்லாவற்றையும் சிங்களத்தில் அவளே சொன்னாள். ஒவ்வொரு சொல்லுக்கும் கண் மூடியது. சிப்பாய் தன் தோழியைக் கூப்பிட்டுக் காட்டி, பெயரை இன்னொருமுறை சொல்லச் சொன்னாள். அக்கா சொன்னாள். இருவரும் சிரித்துவிட்டு அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

நூல் வேலை செய்ய நாளெடுக்கும்தானே என்று பஸ்ஸில் ஆறுதல் சொன்னேன்.

"வேலை செய்யாட்டியும் இனி நான்தானே கதைக்கோணும்" என்றாள். பிறகு பம்பலப்பிட்டி வரும்வரை சன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். அவளுடைய இடது கண்ணில் எப்போதும் நீர் வடியும். அன்று வலது கண்ணும் நனைந்திருந்தது.

போக நினைப்பவர்களுக்கு: ஒரு தடவைக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய், மூன்று கிழமைக்கு, அதாவது இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை, குறைந்தது நான்கு தடவை. வீக்கம் நாலைந்து நாள் இருக்கும். சிகிச்சை பற்றிச் சிங்களத்தில் டொக்டரிடம் ஒரு துண்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், நாங்கள் வாங்கவில்லை. கூடப் போகிறவர்கள், சாவடியில் உங்கள் வாய் முந்தப் பார்க்கும், அடக்கிக்கொள்ளுங்கள். அவரே சொல்லட்டும், நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும். என்னால் இன்னும் ஒரு தடவைதான் அப்படி நிற்க முடியும்.