சூரியன் வராத நாட்கள்

காலண்டர் தாளின் வெள்ளைப் பின்புறத்தில் அப்பளம் அளவுக்கு ஒரு சூரியன். உடும்பஞ்சோலையில் எங்கள் எஸ்டேட்டின் ஏலக்காய் ஸ்டோர் வாசலில், பழைய துரை ஒருவர் விட்டுப்போன பைனாகுலரை முக்காலியில் கட்டி, அத்தான் சூரியனைத் தாளில் விழவைப்பார். என் அக்காவின் கணவர் அவர். ஸ்டோர் அவர் பொறுப்பு. ஆட்களின் வருகையை செக்ரோலில் எழுதுவது என் வேலை. காலையில் எல்லோரும் டீ குடிக்கும் நேரத்தில் அவர் சூரியனில் கரும்புள்ளி எண்ணுவார். "இன்னைக்கு எட்டு, எழுதிக்கோ மாப்ள" என்பார். நான் நோட்டில் எழுதி, வருடக் கடைசியில் கூட்டி வகுத்துச் சராசரி சொல்வேன். அக்காவுக்கு எங்கள் இரண்டு பேர் மேலும் எரிச்சல்.

ஏறக்குறைய பதினொரு வருடத்துக்கு ஒருமுறை புள்ளிகள் பெருகிக் குறையும். வேகமாகப் பெருகினால் உச்சமும் பெரிதாக இருக்கும் என்று எங்கோ படித்திருந்தார். எழுபத்தாறில் சூரியன் வெறிச்சோடிக் கிடந்தது. அடுத்த இரண்டு வருடச் சராசரிகளைப் பார்த்துவிட்டு, வரப்போகிற உச்சம் சோப்ளாங்கி என்று முடிவுகட்டினார். மலைக்கு அந்தப் பக்கம் இருந்த வான ஆய்வுக்கூடத்துக்குக் கடிதமும் போட்டுவிட்டார். கணிப்பு பலித்தால் நேரில் போய் அங்கே வேலை கேட்க வேண்டும் என்பது அவர் ஆசை. அக்காவிடம்கூட அதைச் சொல்லவில்லை, என்னிடம் மட்டும் சொன்னார்.

எழுபத்தொன்பதில் தாள் முழுக்கப் புள்ளி. எண்ணினார், லென்ஸைத் துடைத்தார், மறுபடி எண்ணினார். என்னையும் எண்ணச் சொன்னார். எனக்கும் அதே கணக்குதான் வந்தது. எங்கே தப்பியது என்று இருவருக்கும் விளங்கவில்லை. ஒரு வாரம் கழித்து, "அப்பமே பாதியப் பாக்காம விட்டுருக்கேன் மாப்ள. எங் கண்ணு சரியில்ல" என்று சொல்லி பைனாகுலரை அவிழ்த்து வைத்துவிட்டார். ஆய்வுக்கூடத்துக்குப் போகவே இல்லை.

போன வருடம் அந்த நோட்டு என் கைக்கு வந்தது. ஜூன், ஜூலைப் பக்கங்களில் வரிசையாக சைபர், என் கையெழுத்தில். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் எங்களுக்குச் சூரியன் தெரியாது. அந்த நாட்களில் அத்தான், "இன்னைக்கு ஆளு வரல" என்று சிரித்துவிட்டு ஸ்டோருக்குள் போய்விடுவார். வராத ஆளுக்கு செக்ரோலில் சைபர் போட்டுப் பழகிய கை சூரியனுக்கும் போட்டிருக்கிறது. பார்க்க முடியாத நாளையெல்லாம் புள்ளியே இல்லாத நாளாக்கி, சராசரியை நான்தான் சரித்திருக்கிறேன். அந்த நாட்களை விட்டுவிட்டு மறுபடி வகுத்தேன். ஏற்றம் நல்ல செங்குத்தாக இருந்தது. உச்சம் பெரிது என்று அத்தான் அப்போதே சரியாகச் சொல்லியிருப்பார்.

அத்தானுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. நேரில் போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"அப்போ எங் கண்ணு நல்லாத்தான் இருந்துச்சா?"