சுவருக்குள் மாட்டிய தங்கையும் என் வயிற்றுவலியும்

பிரவுசிங் சென்டரில் இந்தக் கார்ட்டூன் ரசிகர் பக்கத்தில் டைப் செய்யும்போது பக்கத்து ஆள் எட்டிப் பார்க்கிறான். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

ஐம்பதை நெருங்குகிற நான் இன்று வயிற்றுவலி என்று ஃபேக்டரிக்கு லீவு போட்டது, கேபிளில் ஒரு ஜப்பான் கார்ட்டூனின் கடைசிப் பகுதியைப் பார்க்கத்தான். காற்றை நிறுத்துகிற அக்கா, சுவருக்குள் நடக்கிற தங்கை. போன வாரம் தங்கை சுவருக்குள் மாட்டிக்கொண்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

சாயங்காலம் நாகராஜ் வீட்டுக்கு வந்து நின்றான், கையில் இளநீரோடு. என் மிஷினில் நைட் ஷிப்ட் பார்க்கிறவன்.

“வயிறு எப்படி இருக்குதுண்ணா? நீங்க வரலேன்னு உங்க ஷிப்டையும் நானே பார்த்துட்டேன்.”

வயிற்றைப் பிடித்துக்கொண்டே இளநீரைக் குடித்தேன்.

செருப்பை மாட்டும்போது குரலைத் தாழ்த்தினான். “சிரிக்கக் கூடாதுண்ணா. உங்க பசங்க அந்த ஜப்பான் கார்ட்டூன் பார்த்தாங்களா? இன்னிக்குக் கடைசி. ஷிப்டுல இருந்ததால எனக்குப் போச்சு. அந்தத் தங்கச்சி வெளிய வந்துச்சா?”

“வந்துச்சுடா!” என்றேன். அக்கா காற்றை நிறுத்தியதும் சுவர் பிளந்ததைக் கையை வீசி நடித்தே காட்டினேன். கண் கலங்கிப் போனான்.

உங்களில் யாராவது பார்த்திருந்தால், அவன் வேறு யாரிடமும் விசாரிப்பதற்குள் தங்கை என்ன ஆனாள் என்று எழுதுங்கள்.

இங்கே ஓசூரில் கார்ட்டூன் ஆரம்பித்ததுமே கரண்ட் போய்விட்டது.