எல்லோரும் முதல் வரிசை

எங்கள் துறைத் தலைவரின் மஞ்சள் சீட்டுகளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டுகிறது. தேனாம்பேட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நெட்வொர்க் பொறியாளனாக இருந்தேன். சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து என் மேஜையில் ஒட்டிவிட்டு, "இவரையும் மேல போட்டுடுப்பா" என்பார். சீட்டில் யாரோ ஒரு பெரிய மனிதரின் அறை எண் இருக்கும்.

மேலே என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒரு கட்டடத்தின் கணினிகளும் தொலைபேசிகளும் பேசிக்கொள்வது ஸ்விட்ச் என்ற பெட்டி வழியாகத்தான். பாதையில் நெரிசல் வந்தால் எது முன்னால் போகலாம், எது காத்திருக்கலாம் என்று அதற்குள் வரிசைகளை நாம்தான் எழுதிவைக்க வேண்டும். மின்னஞ்சல் காத்திருந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. பேச்சு காத்திருக்காது, துண்டு துண்டாகிவிடும். அதனால் முதல் வரிசை தொலைபேசிகளுக்கு மட்டும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அப்படித்தான் இருந்தது.

பிறகு இயக்குநரின் வீடியோ கூட்டம் முதல் வரிசைக்கு வந்தது. அடுத்து நிர்வாக அதிகாரியின் கணினி. அதற்கும் அடுத்து, அவர் அறையில் இணையம் வழியாகக் கிரிக்கெட் ஓடும் டிவி. சிறப்பு தரிசனக் கதவைத் திறந்து தெருவையே உள்ளே விட்டமாதிரி ஆயிற்று. எல்லோரும் முதல் வரிசை என்றால் முதல் வரிசையே இல்லை என்று துறைத் தலைவரிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "உனக்கு வேலை வேணுமா, தியரி வேணுமா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சீட்டில் இருந்ததையெல்லாம் தட்டியவை என் விரல்கள்தான்.

தரைத்தளத்தில் தொலைபேசி அழைப்புகளை இணைத்துக்கொடுத்த அக்கா, பெசன்ட் நகர் பக்கத்துக் கடற்கரைக் குப்பத்துக்காரர். அம்மா மீன் விற்றுப் படிக்கவைத்த பெண். அந்த நாற்காலியில் உட்காருவதில் அவருக்கு அப்படியொரு பெருமை. "இன்னா சார், லைன் கட்டாயி கட்டாயி வருது. கொஞ்சம் பாரு சார்" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வார். "பாக்கறேன்க்கா" என்பேன். பார்க்க என்ன இருக்கிறது, எனக்குத்தான் தெரியுமே.

இயக்குநரின் கூட்டமும் கிரிக்கெட்டும் ஒன்றாக ஓடிய ஒரு காலையில், ஆறாம் மாடியில் ஒருவருக்கு மூச்சுத் திணறியது. அங்கிருந்து நர்ஸ் சொன்னதும் அக்கா டாக்டரை அழைத்தார். சொன்னதில் பாதி வழியிலேயே உதிர்ந்துபோனது. டாக்டர் திரும்ப அழைத்துக் கேட்டு ஓடிவருவதற்குள் நேரம் போய்விட்டது. நோயாளி எப்படியோ பிழைத்தார். அவர் வீட்டார் விடவில்லை, விசாரணை வந்தது.

"நெட்வொர்க்ல ஒரு குறையும் இல்ல சார். அந்தம்மா பேசறது யாருக்குப் புரியுது? இன்னா, கீதுன்னுகிட்டு" என்றார் துறைத் தலைவர். அறையில் சிலர் சிரித்தார்கள். குரல் விட்டுவிட்டு வந்ததாக டாக்டர் முணுமுணுத்ததை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. என் பக்கம் திரும்பினார்கள். "செட்டிங் எல்லாம் சரியா இருக்கு சார்" என்றேன். மறுநாள் அக்காவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அன்று மாலையே, யாரும் கேட்காமல், டிவியை முதல் வரிசையிலிருந்து எடுத்துவிட்டேன். தடயத்தைத் துடைத்தேன், வேறென்ன. துறைத் தலைவரை அருவருக்கும்போதெல்லாம் இதுவும் கூடவே வந்து நிற்கிறது.

போன மாதம் கடற்கரைப் பக்கம் மீன் வாங்கப் போனேன். தட்டுக்குப் பின்னால் அக்கா உட்கார்ந்திருந்தார். "நல்லா கீறீங்களா சார்?" என்றார். முகத்தில் துளிக் கோபம் இல்லை. "வஞ்சிரம் கீது சார். வஞ்சிரம். காலைல வந்தது. காலைல." எல்லாவற்றையும் இரண்டு முறை சொன்னார். நான் விழிப்பதைப் பார்த்து அவரே சிரித்தார்.

"அன்னிலேர்ந்து இப்டிதான் சார். நம்ம வாய் சரியில்லாம ஒர்த்தர் உசுரே போயிருக்கும். அதான் எதுன்னாலும் ரெண்டு தபா சொல்லிட்றது."

உங்கள் வாயில் ஒரு குறையும் இல்லை அக்கா என்று சொல்ல ஒரு வரி போதும். "அரைக் கிலோ போடுங்கக்கா" என்றேன்.

"அரைக் கிலோ" என்றார். தராசை எடுத்துக்கொண்டே மறுபடி கேட்டார்: "அரைக் கிலோதானே சார்?"