மூடமாட்டோம் என்று தமிழில் சொன்னேன்

டொக்டர் சிவபாதத்தின் கிளினிக்கை மூடவேண்டும் என்று திட்டம் எழுதியவன் நான். ஒருநாளும் மூடமாட்டோம் என்று அவருக்கு வாக்குக் கொடுத்தவனும் நானேதான். இரண்டையும் ஒரே ஆள் செய்தால் கம்பனிக்குச் செலவு மிச்சம், இல்லையா?

சிரிக்காதீர்கள்... சரி, சிரியுங்கள். ஆட்களைச் சிரிக்கவைப்பதுதானே என் தொழில்!

2009 இல், வங்கிகள் ஆட்டங்கண்டு பட்டதாரிகள் வேலை தேடி அலைந்த நாட்களில், சுவிற்சர்லாந்தின் சூக் நகரில் ஒரு முதலீட்டுக் கம்பனி என்னை எடுத்தது. அமெரிக்காவில் சின்னச் சின்னக் கிளினிக்குகளை வாங்கி ஒரே பெயரின்கீழ் சேர்ப்பது அதன் வியாபாரம். ஒரு வட்டாரமே எங்கள் கைக்குள் வந்துவிட்டால், காப்புறுதிக் கம்பனிகள் நாங்கள் கேட்ட விலையைக் கொடுத்தாகவேண்டும். நோயாளிக்கோ போக வேறு இடமே இராது. சின்னக் கிளினிக்குகளை மூடி, ஆட்களை நகரத்துப் பெரிய நிலையத்துக்குத் திருப்பிவிட்டால் செலவும் மிச்சம்.

காலையில் வின்டர்தூரில் ரயிலேறுவேன். கோப்பியும் கையுமாக, அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் எந்த ஊருக்கு டொக்டர் தேவையில்லை என்று தீர்மானிப்பேன். மாலையில் வீடு திரும்பி, அப்பாவுக்குப் பிரஷர் குளிசையை மறக்காமல் எடுத்துக் கொடுப்பேன். எவ்வளவு நல்ல பிள்ளை!

விற்கத் தயங்கும் டொக்டர்மாரிடம் முதலில் என்னைத்தான் அனுப்புவார்கள். "நீதான் எங்கள் மயக்கமருந்து. முதலில் நீ போ, பிறகு நாங்கள் வெட்டுகிறோம்" என்பார் என் மேலாளர். அதைப் பாராட்டு என்று எண்ணி வீட்டிலும் சொல்லித் திரிந்தேன்...

சிவபாதம் ஒகையோவில் ஒரு சிற்றூரில் தனியாளாகக் கிளினிக் நடத்தி வந்தார். கடைசிப் பேச்சுவார்த்தையை அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே வைத்தார். அவருடைய அமெரிக்கச் சட்டத்தரணி, என் மேலாளர், நான். நடுவில் புட்டும் மீன்குழம்பும்.

"எவடம் தம்பி?"

"அப்பா சாவகச்சேரி, நான் வின்டர்தூர், டொக்டர்."

"டொக்டரோ? அண்ணை எண்டு சொல்லடா! சுவிஸ்காரன்ர சொல் மணிக்கூடு மாதிரிப் பிசகாது, என்ன?"

"பிசகாது அண்ணை. பற்றரி போனால் மட்டும் என்னைக் கேட்கக்கூடாது."

சிரித்ததில் அவருக்குப் புரையேறிவிட்டது. மயக்கமருந்து ஏறுகிறது என்று மேலாளர் எனக்குக் கண்ணைக் காட்டினார்.

அப்போது சட்டத்தரணி பிடிவாதமாக நின்றார். கிளினிக்கை மூடக்கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தேயாகவேண்டும் என்றார். மேலாளரின் முகம் இறுகியது. சிவபாதம் என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார்.

"தம்பி, உண்மையைச் சொல்லு. என்னை விட்டால் இஞ்சத்தைச் சனத்துக்கு ஒருத்தரும் இல்லை. மூடுவினமோ?"

மூடவேண்டியது என்று வரைபடத்தில் அந்த ஊரின்மேல் நானே வைத்த சிவப்புப் புள்ளி, காலடியில் இருந்த என் மடிக்கணினிக்குள் கிடந்தது.

"சீ, என்ன கதை அண்ணை! மூடுறதுக்கு ஆரும் காசு குடுத்து வாங்குவினமோ?"

அவ்வளவுதான். நிபந்தனையை வெட்டச் சொல்லிவிட்டார். சட்டத்தரணி பதறினார். "எங்கட பெடியன் சொல்லிப்போட்டான்" என்று அவருக்கும் தமிழிலேயே பதில் சொன்னார் அந்த மனிதர்!

ஆங்கிலத்தில் கேட்டிருந்தால், 'இப்போதைக்கு அப்படியொரு எண்ணம் இல்லை' என்று வழுக்கியிருப்பேன். அதற்கென்றே பயிற்சி தந்திருக்கிறார்கள். தமிழில் பொய் சொல்ல எனக்கு யார் பயிற்சி தந்தது? ஒருவருமில்லை... சொந்தத் திறமை.

அடுத்த வருடமே மூடினோம். சிவபாதம் நகரத்திலுள்ள எங்கள் பெரிய நிலையத்தில் சம்பளக்காரரானார். ஒரு நோயாளியோடு கொஞ்சம் கூடுதலாகக் கதைத்தால், நேரம் முடிந்துவிட்டதென்று கணினித் திரை சிவக்குமாம். காலில் ஆறாத புண்ணோடு அவரிடம் வந்துபோன ஒரு கிழவர் அத்தனை தூரம் கார் ஓட்ட முடியாமல் வீட்டிலேயே இருந்துவிட்டார். கடைசியில் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்களாம்.

இதையெல்லாம் தொலைபேசியில் சொன்ன சிவபாதம் என்னை ஏசவில்லை. "நீ என்னடா செய்வாய், மேலிடத்து முடிவு" என்றார்.

"ஓம் அண்ணை, நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தன்."

சொல்லிப் பார்த்தேனா? மூடுவதென்று முடிவெடுத்த கூட்டத்தில் நான் இருமக்கூட இல்லை! முதற்பொய்யையாவது கம்பனிக்காகச் சொன்னேன் என்று சமாளிக்கலாம். இது யாருக்காக?

அவர் அதை அப்படியே நம்பினார். நம்பியதோடு விட்டாரா? பக்கத்து ஊரில் கிளினிக் வைத்திருக்கும் இன்னொரு தமிழ் டொக்டர், ஒரு அம்மா, தன் இடத்தை விற்க யோசிக்கிறாராம். எங்களுக்காக வாதாடின பெடியன், அவனைக் கேளுங்கோ என்று என் இலக்கத்தைக் கொடுத்துவிட்டார். வாங்கப்போவது வேறு பெயரில் எங்கள் கம்பனிதான் என்பது இருவருக்கும் தெரியாது.

அந்த அம்மா குரற்செய்தி விட்டிருக்கிறார். "தம்பி, ஒண்டும் மாறாது எண்டு சொல்லுகினம். உண்மையோ? வெள்ளிக்கிழமை கையெழுத்து. நீங்கள் வேண்டாம் எண்டால் நான் வைக்கமாட்டன்."

ஒரு சொல் போதும். 'வைக்காதேங்கோ.' அதைச் சொன்னால் வேலை போகும், போகட்டும். ஏன் என்று கேட்பாரே... அப்புறம் சிவபாதம் அண்ணைக்கும் தெரிந்துவிடுமே!

இன்று வியாழன். மதியச் சாப்பாட்டு நேரம். ஏரிக்கரை வாங்கில் உட்கார்ந்திருக்கும் என் பக்கத்தில் தொலைபேசி மறுபடியும் அதிர்கிறது. அந்த அம்மாதான். எடுத்துச் சொல்லவேண்டியதையெல்லாம், பாருங்கள், எடுக்காமல் உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.