கூட்ஸ் ஷெட் இருந்த பக்கம்

எங்கள் அத்தானைக் கடைத்தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. வெந்நீர் மாஸ்டர் என்பார்கள். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டது போலத்தான் எப்போதும் நடப்பார். சட்டை தைக்க வந்தவர் எப்படி வேண்டும் என்று சொல்லி முடிப்பதற்குள் அளவெடுத்து டேப்பைச் சுருட்டியிருப்பார். அளவு மட்டும் ஒரு நாளும் பிசகியதில்லை. சாப்பிட உட்கார்ந்தால் கூட வலது கால் மேசைக்கடியில் இல்லாத மெஷினை மிதித்துக்கொண்டே இருக்கும். "அந்தக் காலக் கொஞ்சம் கழட்டி வச்சிட்டு சாப்பிடுங்களேன்" என்பாள் அக்கா.

இருப்புக் கொள்ளாத அந்த மனிதர் மணிக்கணக்காக ஒரே இடத்தில் நிற்பது வீட்டின் பின்னறையில் மட்டும்தான். நான்கு சுவரையும் ஒட்டி இடுப்புயரத்தில் பலகை. நடுவில் அவர் குனிந்து நுழைந்து நிற்க ஓர் இடைவெளி. பலகையின் மேல், துறைமுகத்துக்கும் செங்கல் சூளைகளுக்கும் நடுவே ஒரு காலத்தில் ஓடிய குட்டி லைன் ரயில், பொம்மை அளவில் ஏழு ஸ்டேஷன்களோடு ஓடிக்கொண்டிருந்தது.

நிஜமான குட்டி லைனை மூடி நாற்பது வருடமாகிறது. அத்தான் வேலை தேடி இந்த ஊருக்கு வந்த மாதத்தில்தான் மூடினார்கள். சேர்ந்த கடையில் அவருக்குக் கொடுத்த முதல் வேலை, அந்த லைன் ஊழியர்களின் இருபத்துநான்கு கரும்பச்சைக் கோட்டுகளுக்குப் பட்டன் தைப்பது. தைத்து முடித்தார். அதற்குள் லைன் போய்விட்டது. கோட்டுகளை வாங்கிக்கொள்ள யாரும் வரவில்லை. "அடுத்த வாரம் ஒரு தடவ ஏறிப் பாத்துடணும்னு இருந்தேன் மச்சான்" என்று இன்றைக்கும் சொல்வார். வாழ்க்கையில் அவர் தள்ளிப்போட்ட ஒரே காரியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

இன்ஜின்களையும் பெட்டிகளையும் ஒவ்வொன்றாகச் சேர்த்தார். பழைய பொம்மைக் கடையில் கிடைத்தவை, வீடு மாற்றும்போது யாரோ போட்டுவிட்டுப் போனவை, தபாலில் வரவழைத்தவை. வந்தது எந்த நிறத்தில் இருந்தாலும், அந்தக் கோட்டில் மிஞ்சிய துணித்துண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து அதே கரும்பச்சையை அடித்துவிடுவார். ஸ்டேஷன் கூரைக்கு, காலர் விறைப்பாக நிற்க உள்ளே வைக்கும் பக்ரம் துணி. தண்ணீர்த் தொட்டிக்கு நூல் சுற்றிய கட்டை. வண்டிகள் பழைய கால அட்டவணைப்படிதான் ஓடும். காலை ஏழு ஐம்பது வண்டி கிளம்பாமல் கடை திறக்காது. வெளியாட்களை அறைக்குள் விடமாட்டார். "இன்னும் முடியல" என்பதுதான் பதினோரு வருடமாக அவர் சொன்ன ஒரே பதில்.

முடியாததற்குக் காரணம் லைனின் நடுவே இருந்த பெரிய ஸ்டேஷன். அது எப்படி இருந்தது என்று காட்ட ஒரே ஒரு படம்தான் உண்டு. நான் வேலை பார்க்கும் ஸ்டுடியோவின் பழைய முதலாளி தண்ணீர் டாங்கின் மேல் ஏறி எடுத்தது. பிலிம் எங்களிடம் இருந்தது. அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தவன் நான்.

அன்று அத்தான் இருட்டறைக்கு வெளியே குட்டி போட்ட பூனை மாதிரி அலைந்தார். நிமிடத்துக்கொரு தரம் கதவைத் தட்டி, "ஆச்சா? ஆச்சா?" என்றார். அந்த அவசரத்தில் பிலிமைப் புரட்டிப் போட்டுவிட்டேன். மங்கலான பக்கம் கீழே இருக்க வேண்டும். பளபளப்பான பக்கம் கீழே போய்விட்டது. கண்ணாடியில் முகம் பார்ப்பது போல இடது வலதாகவும் வலது இடதாகவும் மாறிவிட்டது. படத்தில் ஓர் எழுத்துகூட இல்லை, பெயர்ப்பலகையும் விழவில்லை. அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அந்தப் படத்தைச் சுவரில் மாட்டி, லென்ஸ் வைத்துப் பார்த்து, அவர் கட்ட ஆரம்பித்தார்.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு பெரியவர் ஸ்டுடியோவுக்கு வந்தார். குட்டி லைனில் கூட்ஸ் கிளார்க்காக இருந்தவராம். அதே படம் தனக்கும் வேண்டும் என்றார். இந்த முறை நிதானமாகப் போட்டேன். ஈரம் காயத் தொங்கவிட்டுப் பார்த்தேன். பிளாட்பாரம் எதிர்ப்பக்கம் இருந்தது. சிக்னல் கேபின் எதிர்ப்பக்கம் இருந்தது. எல்லாமே எதிர்ப்பக்கம் இருந்தது.

அன்று மாலையே சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் போனேன். அத்தான் பலகைக்கு நடுவே நின்று, "வா வா, இதப் பிடி" என்று ஒரு பலகைத் துண்டை என் கையில் திணித்தார். கடைசி வேலையாகக் கூட்ஸ் ஷெட்டைக் கட்டப் போகிறாராம். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று பிடித்தபடி நின்றேன். நாளை எட்டு மாதமானது. கூட்ஸ் ஷெட் எழுந்தது. அதற்கு இரண்டு தண்டவாளம், ஒரு எடைமேடை, நூலில் சங்கிலி கோத்த ஒரு கிரேன். ஒவ்வொன்றுக்கும் நான் ஏதாவது பிடித்துக்கொண்டு நின்றேன்.

என் பயத்தைச் சொல்லிவிடுகிறேன். அக்கா கல்யாணமாகிப் போனபோது எனக்குப் பதின்மூன்று வயது. அவளோடு என்னையும் அழைத்துக்கொண்டு போனவர் அத்தான். என் முதல் முழுக்கால் சட்டையை வெட்டியவர் அவர். ஸ்டுடியோவில் சேர்த்துவிட்டவர் அவர். வேலையில் நான் சொன்னால் மறு கேள்வி கேட்க மாட்டார். அந்த நம்பிக்கை போய்விட்டால் எனக்கு வேறு என்ன இருக்கிறது என்றுதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

போன வியாழக்கிழமை கூட்ஸ் கிளார்க் மறுபடியும் வந்தார். "மாஸ்டர் வீட்டுல நம்ம லைன் ஓடுதாமே! நேத்து அவர்கிட்டக் கேட்டேன். முடிஞ்சிடுச்சு, ஞாயித்துக்கிழமை வாங்கன்னுட்டார். பழைய ஆளுங்க அஞ்சு பேர் வர்றோம்" என்றார். எனக்கு முழி பிதுங்கியது. அந்த ஐந்து பேரில் ஒருவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கண்டுபிடித்துவிடுவார். அதை அத்தான் அவர்கள் வாயால் கேட்கக் கூடாது.

வெள்ளிக்கிழமை மதியம் கடை மூடியிருந்த நேரத்தில் சரியான பிரிண்டோடு போனேன். "இரு, கிரேனப் பிடி" என்றார். பிடிக்கவில்லை. படத்தைப் பலகை மேல் வைத்தேன்.

"அத்தான், இதுதான் சரியான படம். உங்ககிட்ட இருக்கறது தப்பு. அன்னிக்குப் பிலிமப் புரட்டிப் போட்டுட்டேன்."

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தண்டவாளத்தைப் பார்க்கவில்லை. லென்ஸை எடுத்து, பழைய படத்தில் பிளாட்பாரத்தில் கோட்டுப் போட்டு நிற்கும் ஆட்களைப் பார்த்தார்.

"பட்டன்" என்றார். "இடது பக்கம் பட்டன் இருக்கு பாரு. பொம்பளைங்க கோட்டு மாதிரி. இந்தக் கோட்டுல பாக்கெட் எத்தனைன்னு எண்ணிருக்கேன். மடிப்பு எத்தனைன்னு எண்ணிருக்கேன். பட்டன் எந்தப் பக்கம்னு பாக்கலயே! நானெல்லாம் ஒரு டைலரு!"

தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். நானும் அசடு மாதிரி கூடச் சிரித்தேன். தப்பித்தோம் என்றே நினைத்துவிட்டேன்.

"எப்பக் கண்டுபிடிச்ச?" என்றார் சிரிப்பு மாறாமல்.

இன்றைக்குத்தான் என்று நாக்கு நுனிவரை வந்தது. "எட்டு மாசம் ஆச்சு" என்றேன்.

அவருடைய வலது கால் நின்றது. முப்பது வருடத்தில் அது நின்று நான் பார்த்ததே இல்லை. கூட்ஸ் ஷெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பிலிமப் புரட்டினது அவசரம். நான்தான் கதவத் தட்டினேன், அதுல எனக்கும் பங்கு இருக்கு. இது அப்படி இல்ல." ஸ்க்ரூடிரைவரை எடுத்து என் முன்னால் வைத்தார். "தெரியாமக் கட்டினதெல்லாம் அப்படியே இருக்கட்டும். நீ தெரிஞ்சு பாத்துக்கிட்டு நின்ன எட்டு மாசத்த மட்டும் நீயே எடுத்துடு."

எடுத்தேன். தண்டவாள ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். எடைமேடை பசையோடு பெயர்ந்து வந்தது. ஷெட் கூரையின் ஒரு மூலை கிழிந்தது. அவர் கை கட்டிக்கொண்டு நின்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். டீ கொண்டுவந்த அக்கா எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, டீயைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஐந்து பேரும் வந்தார்கள். நான் போகாமல் இருந்திருக்கலாம். அக்கா ஆள் அனுப்பிவிட்டாள்.

அத்தான் வாசலிலேயே சொல்லிவிட்டார். "முதல்லயே சொல்லிடறேன். எல்லாம் இடம் வலம் மாறி இருக்கும். பாத்துக் கட்டினது நான், தப்பு என்னுது."

அவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குனிந்து குனிந்து பார்த்தார்கள். "நான் பாதி நாள் பின்னாடி பாத்துத்தான் வண்டி ஓட்டினேன், எனக்கு இது சரியாத்தான் தெரியுது" என்றார் பழைய டிரைவர் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். வண்டி ஒரு சுற்று வந்தது. கூட்ஸ் கிளார்க் மட்டும் சிரிக்காமல் பலகையோரமாகத் தேடிக்கொண்டே வந்து, ஆணித் துளைகள் தெரிந்த வெற்றிடத்தில் நின்றார்.

"கூட்ஸ் ஷெட் இல்லையே மாஸ்டர்? பத்தொம்பது வருஷம் அங்கதான் உக்காந்திருந்தேன்."

"அது இன்னும் முடியல" என்றார் அத்தான். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

நாலு பேர் முன்னால் என்னைக் காட்டிக்கொடுக்காமல் விட்டுவிட்டார். என் மேல் அவ்வளவு கோபம் இருந்தும் விட்டுவிட்டார். இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனிதனே இல்லை என்று தோன்றியது.

"முடிஞ்சிருந்தது ஐயா" என்றேன். "அழகா இருந்துச்சு. நான்தான் வெள்ளிக்கிழமை பிரிச்சேன்." பிலிமைப் புரட்டியது, கிளார்க்குக்குப் பிரிண்ட் போட்ட அன்றே தெரிந்துகொண்டது, எட்டு மாதம் பலகை பிடித்தது எல்லாவற்றையும் சொன்னேன்.

வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. அத்தான் கை நீட்டி அதை நிறுத்தினார்.

"எந்தப் பக்கம் இருந்துச்சு? காட்டுங்க" என்றார் கிளார்க்கிடம்.

கிளார்க் பலகையைச் சுற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய், ஓர் இடத்தில் உள்ளங்கையை அகலமாக வைத்தார். "இங்க. கதவு தண்டவாளத்தப் பாத்து இருக்கும்."

அத்தான் சட்டைப் பையிலிருந்து துணியில் மார்க் போடும் சாக்பீஸை எடுத்தார். அவர் போடவில்லை, என்னிடம் நீட்டினார்.

"கோடு போடு" என்றார்.

வெள்ளிக்கிழமைக்குப் பிறகு என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது. கிளார்க்கின் கை இருந்த இடத்தைச் சுற்றிப் போட்டேன். கோடு கோணலாகப் போனது. நிமிர்ந்து அத்தானைப் பார்த்தேன்.

"அழிச்சிட்டு மறுபடி போடு" என்றார்.