மாறிப்போன மாத்திரைகள்

பஸ் டிரைவருக்கும் அவர் மனைவிக்கும் வருஷக்கணக்காக மூட்டுவலி. இரண்டு மருந்துகளில் எது உதவுகிறது என்று ஒப்பிடும் ஆராய்ச்சியில் இருவரும் சேர்ந்தார்கள், ஆளுக்கொன்று கிடைத்தது. பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி மாத்திரைதான். அவருடையது கைமேல் பலன் தந்தது. மனைவியோ சீப்பைக்கூடப் பிடிக்க முடியாமல் தவித்தாள். ஒரு டீயைக்கூடத் தனியாகக் குடிக்காத மனிதருக்கு மனசு கேட்குமா? சத்தம் காட்டாமல் டப்பாவுக்கு டப்பா மாத்திரைகளை மாற்றிப் போட்டுவிட்டார்.

அடுத்த பரிசோதனையில் அவரே அதை உளறிக்கொட்ட, நர்ஸுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? டாக்டரே மாத்திக் குடுத்திருப்பாரே! ஆராய்ச்சியே பாழாப்போச்சு!"

பிறகு நர்ஸ் பேனாவை எடுத்துக்கொண்டு அவரிடம் கேட்டார்.

"சரி, இப்ப வலி எப்படி இருக்கு?"

மறுபடி வீங்கிய முட்டியைத் தடவிக்கொண்டே அவர் சொன்னார்: "ரொம்பக் குறைஞ்சிருக்கும்மா. இன்னிக்கு அவளே தலை வாரிக்கிட்டா."