இனிஷியலுக்கு ஓரெழுத்து போதாதாம்

அத்தையை டயாலிசிஸ் மையத்திலிருந்து திருப்பி அனுப்பிய அந்தச் செவ்வாய்க்கிழமையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் அடங்கவில்லை.

அத்தை என் அப்பாவுக்கு அக்கா. மானாம்பதிப் பக்கம் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. உடம்பில் வலு இருக்கும்வரை அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு, களை பறித்துச் சாப்பிட்டவர். இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட பிறகு வாரம் இரண்டு முறை காஞ்சிபுரம் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். ஒரு முறை தவறினாலும் கால் வீங்கும், மூச்சு வாங்கும். அந்த மையத்தில் முன்பெல்லாம் ஒரு நோட்டில் பெயர் எழுதி நேரம் கொடுப்பார்கள். பிறகு நோட்டை எடுத்துவிட்டு, போனில் ஓர் ஆப் வழியாகப் பதிவு செய்யச் சொன்னார்கள்.

அந்த ஆப்பைச் செய்தது நான் வேலை பார்க்கும் கம்பெனி. சென்னையில் அலுவலகம், வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை. நான் டெஸ்டர். போனில் இருக்கும் ஆப் ஒரு கேள்வியை அனுப்பும், எங்கேயோ இருக்கும் சர்வர் பதில் தரும். அந்தக் கேள்வி சரியாகப் போகிறதா, பதில் ஒழுங்காக வருகிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. ஆனால் பதிவு செய்யும் பகுதி என் பொறுப்பில் இல்லை. நான் ரிப்போர்ட் பகுதியைச் சோதித்துக்கொண்டிருந்தேன். இருந்தாலும் அத்தையிடம் பெருமையாகச் சொன்னேன், "நம்ம கம்பெனி பண்ணதுதான் அத்தை, பயப்படாதீங்க" என்று. நானே அவருடைய போனில் பதிவும் செய்து கொடுத்தேன். பச்சை டிக் வந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை முற்பகலில் அத்தை போன் செய்தார்.

"இன்னாம்மா, நீ பண்ண ஆப்புல எம் பேரே இல்லியாமே. காத்தாலேருந்து பெஞ்சில குந்திக்கினு கீறேன்."

"டிக் வந்துச்சே அத்தை. போனைக் கவுன்டர்ல காட்டுங்க."

"காட்டினேம்மா. தப்பா அமுக்கிக்கினு வந்துட்டு எங்களைக் கேக்கிறியான்னு கத்துது அந்தப் பொண்ணு. நாலு பேரு பாக்க கத்துது."

அன்றைக்கு அவருக்கு மெஷின் கிடைக்கவில்லை. நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டார்கள். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் போய்க் கூட்டிவந்தேன். புதன்கிழமை காலையில் பார்த்தால் முகமே மாறியிருந்தது. கண் இமை இரண்டும் பொம்மென்று வீங்கி, பஸ் படி ஏற முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். தப்பாக அமுக்கியது அவர் இல்லை, நானும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அதை யாரிடம் நிரூபிப்பது?

அத்தையை மெஷினில் விட்டுவிட்டு, அன்று மதியம் மையத்து பெஞ்சிலேயே லேப்டாப்பைத் திறந்து, சோதனைக்கென்று வைத்திருக்கும் சர்வருக்கு அத்தையின் விவரங்களையே அனுப்பிப் பார்த்தேன். பதில் உடனே வந்தது. தலையில் இருநூறு என்ற எண். எங்கள் தொழிலில் இருநூறு என்றால் எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று அர்த்தம். கேள்வி போயிருக்கிறது, பதிலும் வந்திருக்கிறது. ஆகவே நெட்வொர்க் கோளாறு இல்லை. எண்ணுக்குக் கீழே இருந்த மீதிப் பதிலையும் நிதானமாக வாசித்தேன். அங்கே சின்னதாக எழுதியிருந்தது: பதிவு செய்யப்படவில்லை.

காரணம் அதில் இல்லை. ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். போன் நம்பரை மாற்றினேன், அதே பதில். தேதியை, நேரத்தை மாற்றினேன், அதே பதில். கடைசியாகப் பெயர். அத்தைக்கு ஒரே ஒரு பெயர்தான், கூட அவர் அப்பா பெயரின் முதல் எழுத்து. ஆப்பில் குடும்பப் பெயர் என்று கேட்ட இடத்தில் நான் அந்த ஓரெழுத்தைத்தான் போட்டிருந்தேன். அதை எடுத்துவிட்டு வாயில் வந்த ஏதோ நாலெழுத்தைப் போட்டு அனுப்பினேன். பதிவு ஆகிவிட்டது!

விஷயம் இவ்வளவுதான். குடும்பப் பெயர் குறைந்தது இரண்டு எழுத்தாவது இருக்க வேண்டும் என்று சர்வரில் யாரோ எழுதிவைத்திருக்கிறார். இல்லாவிட்டால் சர்வர் மறுத்துவிடும். மறுப்பதைச் சொல்லவும் தனி எண் இருக்கிறது, நானூறு. அதைப் போடாமல் இருநூறைப் போட்டு, மறுப்பை உள்ளே ஒளித்து அனுப்புகிறது. ஆப் எண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் பச்சை டிக் போடுகிறது. இனிஷியலோடு வாழும் நம் ஊர்க்காரர் யார் பதிந்தாலும் இதே கதிதான்.

எல்லாவற்றையும் எழுதி, அனுப்பிய கேள்வியையும் வந்த பதிலையும் இணைத்து, கம்பெனியின் பிழைப் பட்டியலில் புகாராகப் பதிந்தேன். அரை மணி நேரத்தில் 'முடிந்தது' என்று குறித்து அதை மூடிவிட்டார்கள். சர்வருக்கான நிரலை எழுதியவர் ஒரே வரியில் பதில் போட்டிருந்தார்: சோதனைக்குக் கொடுத்த விவரம் தவறு, சரியான குடும்பப் பெயரைக் கொடுக்கவும்.

தவறான விவரமா? என் அத்தையின் பெயரா?

திரும்பத் திறந்தேன். மூடினார்கள். மறுபடி திறந்தேன். மறுநாள் காலை வீடியோ மீட்டிங்கில் எங்கள் டீம் லீட் பேச்சை ஆரம்பித்தார். "உங்க ஊர்ல நெட்வொர்க் எப்பவும் பிரச்சனைதானே? அதுவா இருக்கப்போகுது."

"நெட்வொர்க் பிரச்சனைன்னா பதிலே வந்திருக்காது சார். பதில் வந்திருக்கு. அதை யாரும் படிக்கலை."

சர்வர்காரர், பதிலை முழுசாகப் படிக்க வேண்டியது ஆப்பின் வேலை என்றார். ஆப் எழுதியவர், இருநூறு என்று வந்தால் நான் ஏன் உள்ளே தோண்ட வேண்டும் என்றார். இருவரும் மாறி மாறிப் பேசினார்கள். லீட் சமாதானமாக ஒரு வழி சொன்னார்.

"அவங்க சர்நேம் என்னன்னு கேட்டுப் போட்டுடுங்களேன். எல்லாருக்கும் ஏதாவது ஒண்ணு இருக்கும்ல?"

எனக்குச் சுரீர் என்றது. பெயருக்குப் பின்னால் எதை ஒட்டச் சொல்கிறார்? எங்கள் குடும்பத்தில் பெயருக்குப் பின்னால் ஒன்றும் கிடையாது. நிலத்துக்காரர்கள் எங்களைப் பெயர் சொல்லாமல் வேறொன்றைச் சொல்லிக் கூப்பிட்ட காலத்தை அத்தை பார்த்திருக்கிறார். அதை ஒழித்துவிட்டு வெறும் பெயரும் ஓர் எழுத்துமாக நிற்பதே பெரிய காரியமாக இருந்தது. இந்த வேலையில் சேரும்போது எனக்கும் இதே தொல்லைதான். குடும்பப் பெயர் இல்லாமல் ஆன்லைன் படிவம் நகரவில்லை என்று அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டேன். அன்றிலிருந்து வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் மெயிலில் என்னை என் அப்பா பெயர் சொல்லித்தான் விளிக்கிறார்கள். அதைச் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டேன். இதை விட முடியாது.

"ஒரு நிமிஷம் சார்" என்று என் திரையைப் பகிர்ந்தேன். மீட்டிங்கில் இருந்தவர்களின் பெயரையே ஒவ்வொன்றாகப் போட்டேன், அவரவர் இனிஷியலோடு. முதலில் லீட் பெயர். இருநூறு, உள்ளே, பதிவு செய்யப்படவில்லை. அடுத்து ஆப் எழுதியவர் பெயர். அதே பதில். பிறகு என் பெயர். அதுவும் அப்படியே. சர்வர்காரர் வடக்கேயிருந்து வந்தவர், குடும்பப் பெயர் உள்ளவர். அவர் பெயர் மட்டும் பதிவானது.

லீட் பெயருக்கு வந்த பதிலை மறுபடி திரையில் கொண்டுவந்தேன்.

"உங்களுக்கு உடம்பு சரியில்லாம நீங்க அந்த மையத்துக்குப் போனா, உங்களையும் தப்பா அமுக்கிட்டீங்கன்னுதான் சொல்வாங்க சார்" என்றேன். என் குரல் நான் நினைத்ததைவிட ஓங்கிவிட்டது. அடுத்த அறையில் இருந்த அம்மா எட்டிப் பார்த்தார்.

மறுநாளே சரிசெய்தார்கள். ஓரெழுத்தை ஏற்றுக்கொண்டது சர்வர். மறுக்கும்போது நானூறு என்றே சொன்னது. ஆனால் அதைத் தவறு என்று எழுதவில்லை. மாற்றங்களின் பட்டியலில் 'கூடுதல் வசதி' என்று போட்டார்கள்! மையத்துக்கு ஒரு வரி வருத்தமும் எழுதவில்லை. நானே வெள்ளிக்கிழமை அத்தையோடு போய்க் கவுன்டரில் இருந்த பெண்ணிடம் சொன்னேன், தப்பு எங்கள் கம்பெனியுடையது என்று. அவள் கொஞ்சம் திகைத்து, "எனக்கு யாருமே சொல்லலையேக்கா" என்றாள். பிறகு அத்தையைப் பார்த்து, "மன்னிச்சுக்கம்மா" என்றாள்.

அத்தை, "வுடு, நீ இன்னா பண்ணுவ. மெஷினு சொல்றத நீ சொன்ன" என்றார்.

எனக்குத்தான் மனசு ஆறவில்லை. அத்தைக்கு அடுத்த வீட்டில் நான் இருந்தேன். மற்றவர்களுக்கு யார் இருந்தார்கள்? தென்னேரியிலிருந்தும் ஐயங்கார்குளத்திலிருந்தும் வந்து, பச்சை டிக்கைக் காட்டிக் காட்டித் திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர்? மறுக்கப்பட்ட பதிவுகளின் பட்டியலைக் கேட்டேன். அவை ஒரு வாரத்தில் தானாக அழிந்துவிடும் என்றார்கள். அப்படி அழியக் கூடாது, இருப்பதையாவது எடுத்துத் தர வேண்டும் என்று இன்னொரு புகார் பதிந்தேன்.

"சரியாயிடுச்சே, இன்னும் ஏன் இழுக்கறீங்க?" என்று கேட்டார் லீட்.

அந்தப் புகாரை இன்னும் யாரும் கையில் எடுக்கவில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் அதன் கீழே ஒரு வரி எழுதுகிறேன்: திரும்பிப் போனவர்களின் பெயர்கள் வேண்டும்.